மூன்று தட்டில் காயும் துணிகள்

இது நான் பார்த்த கதை இல்லை. விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த ஷைனி சொன்னது. ஷைனிக்கு அவள் அம்மா போனில் சொன்னது. அம்மாவோ பாதியைத் தன் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்ததாகவும், மீதியை எதிர்வீட்டுப் பழனாத்தா சொல்லக் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறார். ஆகையால் இன்னார் இன்ன சொல்லைத்தான் சொன்னார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பின்னாளில் நேரில் போய்ச் சரிபார்த்தேன். அதைச் சரிபார்த்த இடத்தில் சொல்கிறேன்.

போத்தனூர் ரயில்வே காலனியில் செல்வநாயகம் என்று ஒரு கார்டு இருந்தார். சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து, முன்னால் போகிற வண்டியின் முதுகையே பார்த்துக்கொண்டு, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போய்த் திரும்புகிற வேலை. அவர் மனைவி எமல்டா. இருவரும் சண்டை போட்டுக்கொண்டதாக யாரும் கேட்டதில்லை. சிரித்துப் பேசியதாகவும் அதிகம் கேட்டதில்லை.

காலனியில் அப்போது மிச்சமிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று மகள் கல்யாணத்தை ரயில்வே இன்ஸ்டிடியூட் ஹாலில் வைத்தது. அவர்கள் வழக்கப்படி மணமக்கள் முதலில் வால்ட்ஸ் ஆட வேண்டும், அதன்பிறகு மற்றவர்கள் ஜோடி ஜோடியாக இறங்குவார்கள். லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்த மெல்வின், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, செல்வநாயகத்திடம் வந்து, "செல்வா, உன் மிஸ்ஸஸை ஒரே ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகவா, மேன்?" என்று கேட்டார். புருஷனிடம் கேட்டுவிட்டுத்தான் அழைப்பது அவர்கள் மரியாதை. ஒரு கையில் பிரியாணித் தட்டும் வாயில் ஒரு கவளமும் வைத்திருந்த செல்வநாயகம், இதற்கு மாட்டேன் என்று சொல்வது எப்படி என்று தெரியாமல், "அதுக்கென்ன" என்று தலையாட்டினார். எமல்டா ஒரு ரவுண்டு சுற்றிவிட்டு நெற்றி வியர்க்கத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு பெரிசு, ரெண்டு சின்னது, அவ்வளவுதாங்க. கால் தானா போகுது," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவர் அதற்கு முன் வீட்டில் பார்த்ததில்லை. தட்டில் மீதியிருந்த பிரியாணியை அவர் சாப்பிடவில்லை என்பதை ஷைனியின் அம்மா கவனித்திருக்கிறார்.

ஆட்டம் கற்றுக்கொள்ள அவரால் முடியாது. குலுங்குகிற பெட்டியில் விழாமல் நிற்பதற்காகவே பல வருஷம் விறைத்துப் பழகிய முழங்கால்கள் அவருடையவை. ஆனால் ஆடுகிறவனைவிட ஆட்டுவிக்கிறவன் ஒரு படி மேல் என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே கல்யாணம் முடிந்த கையோடு அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டியபோது, யாரும் எடுத்துக்கொள்ளாமல் கிடந்த பாஞ்சோ ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சல்லடை மாதிரி ஒரு வட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல், நீளமான கழுத்து, ஐந்து கம்பி. அதில் ஐந்தாவது கம்பி மட்டும் பந்திக்குத் தாமதமாக வந்தவனைப் போலக் கழுத்தின் பாதியில் தொடங்கும்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். வால்ட்ஸ் மெட்டுக்குத் தட்டு மூன்று. முதல் தட்டுக்குக் கட்டைவிரல் தடித்த கம்பியில் விழ வேண்டும், இரண்டுக்கும் மூன்றுக்கும் நகம் மெல்லிய கம்பிகளை வருடிக்கொண்டு இறங்க வேண்டும். டம், சிக், சிக். கேட்பதற்கு ஒன்றுமில்லை, ஆனால் அவர் கைக்கு அது வரவில்லை. தண்டவாள இணைப்புகளில் சக்கரங்கள் ஏறி இறங்குகிற தடக்-தடக், தடக்-தடக் என்ற நாலு தட்டு அவர் எலும்பில் ஊறியிருந்தது. மூன்று தட்டியதும் கை தானாக நின்று வராத நாலாவதுக்காகக் காத்திருந்தது. காலனியே அந்த ஓட்டையைக் கேட்டது.

"ஏனுங் கார்டய்யா, ஒவ்வொரு தடவையும் அங்க என்னத்த தவறவுடுறீங்க?" என்று பழனாத்தா கேட்டாள். தண்டவாளத்தோடு நடந்து ஆணிகளைத் தட்டிச் சரிபார்க்கிற கீமேனாக இருந்து இறந்துபோனவரின் மனைவி அவள். யாரையும் எதையும் கேட்பாள்.

கடைசியில் அவர் மூன்றைக் கற்றுக்கொண்டது போனிலிருந்து இல்லை. ஒரு வார ஓய்வு நாளில் பின்வாசலில் உட்கார்ந்து கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, எமல்டா துவைகல்லில் அவருடைய பேன்ட்டை அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு அடி, பிறகு தண்ணீரில் ஒரு முக்கு, கல்லில் ஒரு புரட்டு; அடி, முக்கு, புரட்டு. நடுவில் ஓட்டையே இல்லை. அவர் கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் எது துவைக்கிற சத்தம், எது வாசிக்கிற சத்தம் என்று பிரிக்க முடியவில்லை. பின்னால் நடந்ததற்கு யாராவது காரணம் கேட்டால் காலனியில் இதைத்தான் சொல்வார்கள், அதற்கு மேல் யாரும் தோண்டமாட்டார்கள்.

ஐப்பசி பிறந்து, விடாத தூறல் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு துணி காயாமல் நாற்றமெடுக்கத் தொடங்கிய ஒரு மாலையில், மழை கொஞ்சம் விட்ட நேரத்தில், இரண்டு வரிசை வீடுகளுக்கும் நடுவிலிருந்த பொதுமைதானத்தின் கொடிக்கம்பிகளில் எல்லோரும் துணியை உதறிப் போட்டிருந்தார்கள். ஈரக்காற்றில் பாஞ்சோவின் தோல் தொய்ந்து போயிருந்ததால், எமல்டா அதை அடுப்புக்கு மேலே பிடித்து, அப்பளம் வாட்டுகிற பக்குவத்தில் திருப்பித் திருப்பிச் சூடுகாட்டி அவர் கையில் கொடுத்தாள். அவர் வாசித்தார். டம், சிக், சிக். மைதானத்தில் துணிகள் ஒவ்வொன்றாகக் கிளிப்பை விட்டு இறங்கி, தரைக்கு ஒரு முழம் மேலே நின்று, சட்டை சேலைக்குக் கை கொடுக்க, சேலை முந்தியைத் தோளில் ஏற்றிக்கொள்ள, லுங்கிகளும் நைட்டிகளும் சுடிதார்களும் ஜோடி சேர்ந்து, ஒன்று பெரிசு இரண்டு சின்னது என்று மைதானத்தைச் சுற்றி ஆடத் தொடங்கின.

பழனாத்தா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மண்ணுல படாம ஆடச் சொல்லுங்க!" என்று கத்தினாள்.

மண்ணில் படவில்லை. மெட்டு முடிந்ததும் ஒவ்வொன்றும் தன் இடத்துக்குப் போய்க் கிளிப்புக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டது. பெண்கள் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாம் மொடமொடவென்று காய்ந்திருந்தது.

அதன்பிறகு அந்த மழைக்காலம் முழுவதும் காலனி தன் வாழ்க்கையை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டது. கார்டய்யாவுக்கு எந்த நாள் டூட்டி, எந்த நாள் ஓய்வு என்பது அவருக்கு முன்பே பெண்களுக்குத் தெரிந்திருந்தது. ஓய்வு நாளில்தான் எல்லோரும் போர்வை நனைத்தார்கள். குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டு, வாசிக்கிற நேரத்தில் உள்ளாடைகளை மைதானத்தில் போடக்கூடாது என்று ஒருமனதாக முடிவு செய்தது, ஏனென்றால் ஒரு பனியன் மிகவும் உற்சாகமாக நடந்துகொண்டுவிட்டது. குழந்தைகளின் கவுன்கள் ஜோடி சேராமல் வட்டமாகக் கைகோத்துச் சுற்றின. புள்ளிபோட்ட சுடிதார் ஒன்றும் காலேஜ் பையனின் டீ-ஷர்ட் ஒன்றும் மூன்று வாரம் பிரியாமல் ஆடியதைப் பார்த்து, இரு வீட்டுத் தாய்மாரும் பேச்சு வார்த்தை தொடங்கினார்கள். பிறகுதான் அந்தச் சுடிதார் பெண்ணுடையது இல்லை, அவள் சித்தியுடையது என்று தெரிந்து பேச்சை விட்டார்கள். சீனியர் என்ஜினியரின் வெள்ளைச் சட்டை துப்புரவுப் பணியாளர் வீட்டு நைட்டியோடு ஆடியதைப் பார்த்த என்ஜினியர் மனைவி, மறுநாளே துணி உலர்த்துகிற மெஷின் வாங்கிவிட்டார். என்ஜினியரின் சட்டை அந்த மெஷினுக்குள் தனியாகச் சுற்றியது. அவர் அதற்குப் பிறகு கொஞ்சம் இளைத்துப் போனார் என்று சொன்னார்கள், அது எனக்கு உறுதியாகத் தெரியாது.

பழனாத்தா மட்டும் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து புருஷனின் காக்கிச் சட்டையை எடுத்து, அழுக்கே இல்லாததைத் துவைத்து, தன் சேலைக்குப் பக்கத்தில் போட்டாள். காக்கிச் சட்டை இறங்கி வந்து, வேறு எதையும் பார்க்காமல், அவள் சேலையின் இடுப்பில் கை வைத்தது. அந்த மெட்டு முடிகிற வரை காலனியில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சட்டை உடம்ப மறக்காதுங்," என்று மட்டும் பழனாத்தா சொன்னாள்.

இதற்கு நடுவில், வாசிக்கிறவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. செல்வநாயகம் பின்வாசல் படியில் உட்கார்ந்து, விரலைப் பார்க்காமல் மைதானத்தையே பார்த்து வாசித்தார். எமல்டாவின் பாசிப்பச்சை நூல்சேலை முதல் நாளே கொடியை விட்டு இறங்கி, மூன்று சட்டைகளைத் தாண்டிப் போய், நீலக்கட்டம் போட்ட ஒரு முழுக்கைச் சட்டையிடம் நின்றது. அது மெல்வினின் சட்டை. மறு ஓய்வு நாளிலும் அதனிடமே போனது. அவர் பச்சைச் சேலையைத் துவைக்கப் போடாமல் ஒளித்து வைத்தார். அவளுடைய காவிச் சேலை போனது. காவியை ஒளித்தார்; வீட்டில் கட்டுகிற கிழிந்த சுங்குடி போனது. கடைசியில் ஒளித்ததையெல்லாம் திரும்ப எடுத்து வைத்துவிட்டார். எது போனாலும் அந்த நீலக்கட்டத்தின் கை அதே இடத்தில், வலது விலாவுக்குக் கொஞ்சம் கீழே, பழகின மாதிரி உட்கார்ந்தது. அந்தப் பழக்கத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவர் தன் சட்டைகளையும் கொடியில் போட்டுப் பார்த்தார். முதலில் போட்ட யூனிபார்ம் கஞ்சி விறைப்பில் அசையாமல் தொங்கியது. கஞ்சி போடாத வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டார். அது இறங்கியது. இறங்கிய சட்டை யாரையும் தேடாமல் தண்ணீர்க்குழாய்த் திண்டில் போய் உட்கார்ந்து, வலது கைமடிப்பை வயிற்றின்மேல் வைத்து, டம், சிக், சிக் என்று இல்லாத கம்பியை மீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் நீலக்கட்டமும் பச்சையும் சுற்றிச் சுற்றி வந்தன.

மெல்வின் ஒருநாள் வழியில் மறித்தார். "செல்வா, என்னை முறைச்சு என்ன மேன் பிரயோஜனம்? நான் வீட்ல உக்காந்து டீவி பாத்துட்டிருக்கேன். சட்டை பண்றதுக்கு நான் ஜெயிலுக்குப் போகணுமா?"

"உன் சட்டையை உன் வீட்டுக்குள்ள காயப்போடு."

"உள்ள போட்டா நாத்தம் வருது, மேன். நல்லதா இருக்கிறது அது ஒண்ணுதான்."

வாசிப்பதை நிறுத்திவிடலாம் என்று பார்த்தார். ஒரு ஓய்வு நாள் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். பகல் முழுக்க ஆட்கள் வந்தார்கள். ஒருத்தி சுக்குக் கஷாயம் கொண்டுவந்தாள், ஒருத்தி கைக்குழந்தையைக் காட்டி, "இவளுக்குப் போட ஒரு காஞ்ச துணி இல்லீங்கண்ணா," என்றாள். பழனாத்தா வாசலில் நின்று, "ஒடம்பு விரலுக்குமா சரியில்லீங்?" என்று கேட்டாள். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து வாசித்தார். மூன்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அன்றைக்கு எமல்டா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டார்.

"அந்தச் சட்டைகிட்ட அப்படி என்னதான் இருக்கு?"

"எந்தச் சட்டை?"

"தெரியாத மாதிரி கேக்காத. நீலக்கட்டம்."

எமல்டா வெங்காயத்தையே பார்த்துக்கொண்டு, "நல்ல சட்டைதான்," என்றாள். "தோள் தையல் இன்னும் விடல பாருங்க."

"தோள் வரைக்கும் பாத்து வெச்சிருக்கியா?"

"நீங்களும்தான வாராவாரம் பாக்குறீங்க. ஒரு நாளாவது எறங்கிப் போய்ப் பக்கத்துல நின்னு பாருங்களேன்."

"நான் எறங்கிட்டா யார் வாசிக்கிறது? எப்படி ஆடும்?"

"ஆடலேன்னா கொடியிலதான தொங்கும். தொங்குறப்ப பாக்கக் கூடாதா?"

"அவன் சட்டைய நான் எதுக்குப் போய் மோந்து பாக்கணும்?"

எமல்டா கையைக் கழுவினாள். "அப்ப இங்கயே உக்காந்து பாத்துட்டு இருங்க," என்றாள்.

அவர் அதை அவள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். மறு வாரமே மங்களூருக்கு மாற்றல் கேட்டு மனு கொடுத்தார். வந்தால் இருவரும் போய்விடலாம், அங்கே யாருக்கும் பாஞ்சோ தெரியாது, மெல்வினும் இல்லை. எமல்டாவிடம் சொன்னபோது அவள், "இங்க என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா ஓடுறீங்க? தெரியாமத்தான ஓடுறீங்க. நான் வரல," என்றாள். இந்தச் சொற்களை ஷைனியின் அம்மா தன் ஜன்னலில் இருந்தே கேட்டிருக்கிறார், ஆகையால் இவை ஏறக்குறைய சரியாக இருக்கும்.

மாற்றல் வந்தது. அதற்கு முந்தைய கடைசி ஓய்வு நாளில், கார்த்திகை தொடங்கிவிட்டதால், மாலை போட்டவர்களின் கறுப்பு வேட்டிகளும் சேர்ந்து மைதானம் நிறையத் துணி தொங்கியது. எமல்டா தோலைச் சூடுகாட்டிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார், மூன்றில் தொடங்கினார், துணிகள் இறங்கின, ஜோடி சேர்ந்தன, நன்றாகச் சுழல ஆரம்பித்தன. அப்போது அவர் வேண்டுமென்றே நாலாவது தட்டைப் போட்டார். தடக்-தடக், தடக்-தடக். சுழன்றுகொண்டிருந்த போர்வைகள் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டன. வேட்டி தடுக்கி நைட்டி விழுந்தது, நைட்டிமேல் சட்டை விழுந்தது, பழனாத்தாவின் சேலை காக்கியைப் பிடித்துக்கொண்டே சேற்றில் உட்கார்ந்தது. வீட்டுக்கு வீடு கதவு திறந்து பெண்கள் ஓடிவந்து கத்தினார்கள். அவர் நிறுத்தவில்லை. காலனித் துணி மொத்தமும் சேற்றில் கிடக்கும்வரை, சரக்கு வண்டி ஒன்று மைதானத்தைக் கடந்து போவது மாதிரி வாசித்தார்.

இரண்டு மட்டும் விழவில்லை. பச்சைச் சேலையும் நீலக்கட்டமும், நாலு தட்டு காதில் விழாத மாதிரி, ஒன்று பெரிசு இரண்டு சின்னது என்று, விழுந்து கிடந்தவற்றுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால்வைத்து ஆடிக்கொண்டிருந்தன. அவர் வாசிப்பதை நிறுத்தினார். அப்போதும் ஆடின. கத்திக்கொண்டிருந்த பெண்களும் கத்துவதை நிறுத்தினார்கள். சத்தமே இல்லாத மைதானத்தில் சேலை முழுவதும் காய்கிற வரைக்கும் அவை சுற்றின.

செல்வநாயகம் பாஞ்சோவைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டினார்.

அவர் போனபிறகு பாஞ்சோ எமல்டாவிடம் இருந்தது. அடுத்த மழைக்கு யார் வாசிப்பது என்று காலனி கவலைப்பட்டபோது, அவள் தோலைச் சூடுகாட்டி எடுத்துக்கொண்டு வந்து அதே படியில் உட்கார்ந்தாள். அவளுக்கு மூன்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இப்போது அவளுடைய சேலை குழாய்த்திண்டில் போய் உட்கார்ந்து கொசுவத்தை மீட்டுகிறது என்றும், நீலக்கட்டச் சட்டை யாரோடும் ஆடாமல் அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது என்றும் ஷைனி சொன்னாள். மெல்வின் அதைப் பார்த்து எரிச்சலாகி, "என் சட்டை எனக்காக ஒரு நாளாவது ஆடிருக்கா, மேன்?" என்று புலம்பினாராம். செல்வநாயகம் மங்களூரில்தான் இருக்கிறார். மாதம் ஒருமுறை எமல்டாவுக்குப் போன் செய்கிறார். மழை பெய்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்.

ஷைனியின் கல்யாணத்துக்காக நான் ஒரு மாசியில் போத்தனூர் போனேன். வெயில் கொளுத்தியது, கொடிகள் காலியாக இருந்தன, ஆகவே துணிகள் ஆடியதை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் மெல்வினைப் பார்த்தேன். அந்தச் சட்டையைக் காட்ட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அவர் சிரித்துக்கொண்டே எடுத்துவந்து கொடுத்தார். நல்ல சட்டைதான், தோள் தையல் விடவில்லை. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். வாங்கவில்லை, மாதா கோயில் திருவிழாவில் காலனி வீடுகள் கொடுக்கிற பழைய துணிகளை வைத்துக் கடை போடுவார்கள், அங்கே எடுத்தது என்றார்.

அந்தக் காலனியில் முன்பு எல்லா வீட்டுத் துணியும் ஒரே சலவைக்காரரிடம் போய் வந்ததால், மாறிவிடாமல் இருக்க வீட்டுக்கொரு குறியை அவர் அழியாத மையில் காலரின் உள்பக்கம் போடுவார். அவர் இன்னும் அங்கே இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். காலரைத் திருப்பி அவரிடம் காட்டினேன். இரண்டு குறிகள் இருந்தன. மேலே கறுப்பாக இருந்தது மெல்வின் வீட்டுக் குறி. அதற்கு அடியில், பல வருஷம் துவைத்து வெளுத்துப்போய், இரண்டு கோடும் ஒரு புள்ளியும் இருந்தன. அது யார் வீடு என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கார்டய்யா வீடுங்க," என்றார், "அந்தம்மா கல்யாணமான புதுசுல அவருக்கு எடுத்துக் குடுத்த சட்டை."